குசினி மேடைக்குக் கிரனைட் எடுக்கிறவர்களுக்கு ஒரு கல்வேலைக்காரனின் பதில்

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில் கட்டும் வீட்டுக்குக் குசினி மேடையும் இரண்டு குளியலறை மேடையும் போட வேண்டும், உங்களுக்கு வெள்ளைக் கிரனைட் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் "எல்லாம் கிரனைட்தான், எதைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார். மேசன் "கறுப்பைப் போடுங்கோ, அழுக்குத் தெரியாது" என்கிறார். கணவர் கட்டாரில் இருக்கிறார், முடிவு உங்கள் தலையில். யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நான் கட்டாரில் 6 வருஷம் கல் வெட்டினேன், அப்புறம் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் 14 வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். கண்டதை வைத்துச் சொல்கிறேன்: வெள்ளைக் கிரனைட்டில் பலதுக்கு மஞ்சளும் எண்ணெயும் ஏறும். கறுப்பில் அநேகமாக ஏறாது, ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணி காய்ந்து விடும் வெள்ளைக் கறையை எந்த நிறத்தையும் விடக் கறுப்புத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். அதனால் நிறத்தைத் தீர்மானிக்க முதல் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஒவ்வொரு கல்லிலும் உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு கடையில் கேளுங்கள். சிங்குக்கு ஓட்டை வெட்டிய கழிவில் எல்லாக் கடையிலும் துண்டு குவிந்து கிடக்கும், காசு கேட்க மாட்டார்கள். அதே கல்லில் துண்டு இல்லை என்றால், துண்டு விழும் வரைக்கும் காத்திருங்கள். பெயர் ஒன்றாக இருக்கிற இன்னொரு கல்லில் எடுத்து வராதீர்கள்.

அந்தத் துண்டை இப்போது இருக்கும் குசினியில் நாலு நாள் வைத்து நீங்கள் சமைக்கிற மாதிரியே சமையுங்கள். பிறகு ஒரு மூலையில் தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள் ஒரு பொட்டு. இன்னொரு மூலையில் கரைத்த புளி. மூன்றாவது மூலையில் பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வையுங்கள். நாலாவது மூலையில் உங்கள் கிணற்றுத் தண்ணி சில துளி விட்டுக் காய விடுங்கள், காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப விடுங்கள். ஒரு இரவு போகட்டும். காலையில் சாதாரண சவர்க்காரத் தண்ணியால் கழுவி, காய்ந்த பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் பொட்டு இருந்த இடம் மஞ்சளாகவோ, எண்ணெயால் கொஞ்சம் இருண்டோ இருந்தால் அந்தக் கல் குடிக்கிற கல். தேசிக்காய் இருந்த இடத்தில் வட்டமாகப் பளபளப்புப் போயிருந்தால் அது கிரனைட்டே இல்லை, அல்லது உள்ளே சுண்ணாம்புச் சத்து கலந்த கல். தண்ணி விட்ட இடத்தில் வெள்ளை வளையம் நின்றால், அதே வளையம் உங்கள் பைப்பைச் சுற்றிக் காலம் முழுக்க நிற்கும். கடைக்காரரும் மேசனும் நானும் சொல்வதை விட இந்த நாலு மூலையும் உங்களுக்குச் சரியாகச் சொல்லும்.

இது ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். உங்கள் அம்மம்மாவின் அம்மியை நினைத்துப் பாருங்கள். இரும்பு உளி கொண்டு பொழிகிற அளவுக்கு அது கடினம். ஆனாலும் 10 வருஷம் மஞ்சளும் கொச்சிக்காயும் அரைத்த அம்மியை எவ்வளவு கழுவினாலும் அந்த நிறம் முழுக்கப் போகாது. கடினம் வேறு, குடிக்காமல் இருப்பது வேறு. கிரனைட் என்பது பளிங்குக்கல் (குவாட்ஸ் என்ற கனிமம், மாபிள் இல்லை), களிக்கல் (பெல்ட்ஸ்பார்), அபிரகம் (மைக்கா) என்று பல கனிமங்களின் மணிகள் நெருங்கிப் பிணைந்த கல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் பளிங்குக்கல்லின் கடினம் 7, களிக்கல்லினது 6. சமையல் கத்தி 5.5 அளவில்தான் நிற்கும், அதனால்தான் கத்தி கல்லைக் கீறாது. மாபிள் 3தான், கத்தி கீறும், தேசிக்காய் அரிக்கும். கிரனைட்டில் கீறல் பிரச்சினை இல்லை. பிரச்சினை, அந்த மணிகளுக்கு இடையில் இருக்கும் மயிரிழை இடுக்குகள். கல்லுக்குக் கல் அது வேறுபடும். மேடைக்குப் போடும் கிரனைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணி உறிஞ்சக் கூடாது என்று அமெரிக்கத் தரக் குறிப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் கடைகளில் யாரும் அந்த அளவை எழுதி வைப்பதில்லை. அதனால்தான் துண்டு கேட்கச் சொல்கிறேன்.

இங்கே விற்கும் பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் மயக்கும். "காஷ்மீர் வைட்" என்று ஒன்று காட்டுவார்கள். வெள்ளையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி இருக்கும். பார்க்க அழகான கல். அது காஷ்மீரில் வெட்டுவது இல்லை, தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்துக் கல். அந்தச் சிவப்புப் புள்ளி செம்மணிக்கல் (கார்னெட்). இந்தக் கல் குடிக்கும், நன்றாகவே குடிக்கும். தண்ணி நின்ற இடம் சாம்பல் நிறமாக மாறிப் பிறகு காயும். எண்ணெய் நின்ற இடம் இருண்டபடியே நிற்கும். "பிளாக் கேலக்சி" ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தி என்ற ஊரில் வெட்டுவது. கறுப்பில் மின்னும் பொன்புள்ளிகள் பிரொன்சைட் என்ற கனிமம். கல் விஞ்ஞானப்படி அது கிரனைட்டே இல்லை, கப்ரோ என்ற வேறு வகைக் கல். நல்ல கறுப்புக் கற்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். மணி நெருக்கமானது, எடை கூடியது, அநேகமாகக் குடிக்காது. "டான் பிரவுன்" தெலுங்கானாவில் கரீம்நகர்ப் பக்கத்துக் கல். கறுப்பில் கபில நிறக் கட்டிகள் இருக்கும். எங்கள் குசினிக்கு இதைப் போல ஒத்துப்போகிற கல் குறைவு. கொச்சிக்காய்த் தூள், குழம்புத்துளி, உப்புக்கறை, எல்லாவற்றையும் அந்தக் கபிலப் புள்ளிகளுக்குள் மறைத்துவிடும். "ஸ்டீல் கிரே"யும் அப்படி ஒரு பொறுமையான கல்.

எங்கள் ஊர்க் கல்லைப் போட முடியாதா என்று பலர் கேட்பார்கள். தாந்தாமலையும் குடும்பிமலையும் தெரிந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம். மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கும் நிலம் விஜயன் தொகுதி என்று சொல்லும் மிகப் பழைய பாறை, ஏறத்தாழ 100 கோடி வருஷம். நைஸ் (gneiss) என்ற வகைக் கல், கோடுகோடாக ஓடும். எங்கள் கல்குவாரிகளில் அதை வெடி வைத்து உடைப்பது சல்லிக்காக. வெடி பட்ட கல்லில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நிறைந்திருக்கும், அதில் மெல்லிய பலகை அறுக்க முடியாது. வாசற்படிக்கும் கேற்றுத் தூணுக்கும் போடுங்கள், அழகாக இருக்கும். குசினி மேடைக்கு வேண்டாம்.

சரி, கடைக்குப் போனால் எப்படிப் பார்ப்பது? மத்தியான வெயிலில் நிமிர்ந்து நிற்கும் கல்லை நேராகப் பார்த்தால் எல்லாமே கண்ணாடி மாதிரித்தான் தெரியும். குனிந்து, கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக, வெளிச்சம் மேற்பரப்பில் வழுகி வருகிற பக்கம் பாருங்கள். குழி, கீறல், பொலிஷ் மங்கிய திட்டு எல்லாம் அப்போது எழுந்து வரும். பிறகு கல்லின் பின்பக்கம். அங்கே வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் உடையக்கூடியது என்று வெட்டியவர்களே கண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வலை ஒட்டிய கல் எல்லாம் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் சிங்குக்கும் அடுப்புக்கும் பெரிய ஓட்டை வெட்டும் மேடைக்கு நான் அதை எடுக்க மாட்டேன். விரல் மொளியால் பல இடத்தில் தட்டிப் பாருங்கள். முழுக்கல் மணி மாதிரிக் கணீரென்று பேசும். வெடிப்பு ஓடிய இடத்தில் சத்தம் செத்துப்போகும்.

கறுப்பு எடுப்பவர்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமும் எண்ணெயும் ஏற்றிக் கறுப்பாக விற்பது நடக்கிறது. ஒரு வெள்ளைத் துணியில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைக் கொஞ்சம் நனைத்து, கல்லின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் அந்தக் கல்லை விட்டுவிட்டு நகருங்கள். சாயக் கல் புதிதில் மிகவும் கறுப்பாக, இயற்கைக் கல்லை விட அழகாகவே இருக்கும். ஒன்றிரண்டு வருஷத்தில் சிங்கைச் சுற்றி முதலில் வெளிறும், அதுக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

தடிப்பை அளவுநாடா கொண்டு மூன்று இடத்தில் அளவுங்கள். 20 மில்லிமீற்றர் என்று விற்கும் கல் ஒரு முனையில் 16 இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு கல்லை மூட்டும் இடத்தில் அந்த 4 மில்லிமீற்றர் படியாக நின்று, துடைக்கிற துணியெல்லாம் அதில் சிக்கும். 20 மில்லிமீற்றர்க் கல் ஒரு சதுர அடிக்கு 5 கிலோ வரை வரும். 8 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று 80 கிலோ. லொறியில் இருந்து இறக்கும்போது கதவைத் தூக்குகிற மாதிரி நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். பாயைப் பிடிக்கிற மாதிரிப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் முறியும். கல் வரும் அன்று நீங்களே நின்று பாருங்கள்.

அளவில்தான் கூடக் காசு போகிறது. கடையில் கல் இரண்டு வகையாக வரும். 6 அடி வரை அகலமான பெரிய பலகை ஒன்று. 2 அடி, 2 அடி 3 அங்குலம் என்று ஒடுங்கிய நீளப் பலகை இன்னொன்று. ஒடுங்கியது விலை குறைவு, குசினிக்கென்றே வெட்டினது போல இருக்கும், ஆட்கள் அதைத்தான் கேட்டு எடுப்பார்கள். உங்கள் அலுமாரியின் ஆழம் 23 அங்குலம் என்று வைப்போம். கதவுக்கு ஒரு அங்குலம் கூடும். அதுக்கு மேல் கல் முன்னால் ஒரு அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். அப்போது 25 அங்குலம் வேண்டும். 2 அடிக் கல் 24 அங்குலம்தான், அதிலும் ஓரம் சீராக வெட்ட அரை அங்குலம் போய்விடும். கல் வந்த பிறகு இது தெரிந்தால் சுவர்ப்பக்கம் ஒரு பட்டி ஒட்ட வேண்டி வரும், அந்த மூட்டில் காலம் முழுக்கத் தண்ணி போகும். முதலில் அலுமாரி செய்து நிறுத்துங்கள், அல்லது கொங்கிரீட் தட்டு போட்டு முடியுங்கள். பிறகு தடித்த அட்டையில் முழு அளவில் வடிவம் வெட்டி, அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லின் மேலே வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றும் நேர் மூலையாக இருப்பதில்லை. அட்டைக்குத்தான் அது தெரியும், அளவுநாடாவுக்குத் தெரியாது.

அட்டை வெட்டும்போதே மூட்டு எங்கே வரும் என்று பென்சிலால் கீறுங்கள். சிங்க் ஓட்டைக்கு மேலேயோ, பக்கத்திலேயோ மூட்டு வரக் கூடாது. ஓட்டையின் முன்னாலும் பின்னாலும் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலப் பட்டிதான், கல் முழுவதிலும் மெலிந்த இடம் அது. ஓட்டையின் நாலு மூலையும் வளைவாக இருக்க வேண்டும். முதலில் நாலு மூலையிலும் வட்டமாகத் துளைத்து, பிறகு துளைக்குத் துளை நேராக அறுப்பதுதான் முறை. கிரைண்டர் வட்டை நேராக இறக்கி, கூர் மூலையாக வெட்டித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கூர் மூலையில் தொடங்கும் மயிரிழை வெடிப்பு, ஒரு நாள் நீங்கள் பெரிய சோற்றுப்பானையைச் சிங்கின் விளிம்பில் வைக்கும்போது முன்பட்டி முழுக்க ஓடிவிடும். வேலை தொடங்க முன்னமே "மூலை வட்டமாக வேண்டும்" என்று சொல்லுங்கள்.

இப்போது கல்லுக்குக் கீழே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கட்டாரில் இருந்து வந்து நான் தனியாக எடுத்த முதல் வேலைகளில் ஒன்று ஆரையம்பதியில். வெள்ளைக் கல், அழகான வீடு. கொங்கிரீட் தட்டின் மேல் சாதாரணச் சீமெந்தும் மணலும் குழைத்து, கல்லின் ஓரங்களில் கட்டியாக வைத்து, நடுவில் ஐந்தாறு கட்டி போட்டு ஒட்டினேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கார அக்கா வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் மேடையைச் சுற்றி நாலு அங்குல அகலத்துக்கு, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி, சாம்பல் நிறக் கரை. நடுவிலும் நான் கட்டி வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக. மேலே ஒரு துளி கறையும் விழவில்லை, எல்லாம் கீழே இருந்து சீமெந்துத் தண்ணியோடு ஏறினது. அவர் ஒரு சொல்லும் கோபமாகப் பேசவில்லை. விரலால் அந்தக் கரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் செலவில் கழற்றி வேறு கல் போட்டுக் கொடுத்தேன்.

அதுக்குப் பிறகு வெளிர் நிறக் கல் என்றால் சாதாரணச் சீமெந்தைக் கிட்டவும் விடுவதில்லை. வெள்ளை நிற டைல்ஸ் பசையை, பல்லுக்கரண்டியால் தட்டு முழுக்கப் பரப்பி ஒட்ட வேண்டும். கல்லின் பின்பக்கத்துக்கும் ஒட்ட முன் கறைத்தடுப்புத் திரவம் தேய்ப்பது நல்லது. கறுப்புக் கல்லுக்குச் சீமெந்து போடலாம், ஆனால் அங்கேயும் கட்டி கட்டியாக வைக்க விடாதீர்கள். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்றுத்தான் இருக்கும். இடியப்ப உரலை ஊன்றி அழுத்துகிற இடமும், சின்ன உரலில் உள்ளி இடிக்கிற இடமும் அந்தக் காற்றின் மேல் வந்தால் கல் தெறிக்கும். மணலும் கவனம். கடற்கரை ஊர்களில் வளவு மண்ணையே அரித்துப் பூச்சுக்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உப்பு இருக்கும். மாரி முடிந்து வெயில் ஏறும்போது மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்து வரும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். ஆற்றுமணல்தான் வேண்டும் என்று கேளுங்கள்.

மரத்திலோ அலுமினியத்திலோ பன்ட்ரி அலுமாரி செய்து அதன் மேல் கல் வைப்பது என்றால், ஓடாவியாரிடம் சிங்கின் இரண்டு பக்கமும் நிலத்தில் இருந்து வரும் தாங்கு பலகை கேளுங்கள். தாங்கல் இல்லாமல் 20 மில்லிமீற்றர்க் கல் முன்னால் 6 அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடும் மேடை மாதிரி நீட்ட ஆசை என்றால் கீழே இரும்புச் சட்டம் வைத்துத்தான் நீட்ட வேண்டும். மேசையில் பூட்டும் தேங்காய்த் துருவி பாவிப்பீர்கள் என்றால், பூட்டும் இடத்தில் கல் ஒன்றரை அங்குலம் வெளியே நிற்கட்டும், திருகுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு வையுங்கள். அதைச் சிங்குக்குப் பக்கத்தில் பூட்டவே பூட்டாதீர்கள். விளிம்பை மேல்பக்கம் நன்றாக உருட்டி எடுக்கச் சொல்லுங்கள், கூர் விளிம்பில் சட்டி பட்டுப்பட்டுச் சில்லு பறக்கும். விளிம்பின் கீழ்ப்பக்கத்தில், ஓரத்தில் இருந்து அரை அங்குலம் உள்ளே, நீளத்துக்கு ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணி அந்தக் காடியில் அறுந்து நிலத்தில் விழும். இல்லாவிட்டால் கல்லின் கீழே ஊர்ந்து போய் அலுமாரிக் கதவை ஊதவைக்கும். ஒரு கிரைண்டரால் 10 நிமிஷ வேலை இது, கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை.

உயரம் 36 அங்குலம் என்று மேசன் கேட்காமலே வைப்பார். அது எல்லாருக்கும் பொருந்தாது. செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடித்து, முழங்கையில் இருந்து நாலைந்து அங்குலம் கீழே அளவுங்கள். அதுதான் வெட்டுகிற, பிசைகிற மேடையின் உயரம். 5 அடி உயரமான பெண்ணுக்கு 33, 34 அங்குலம் போதும். கல்லின் தடிப்பையும் பசையையும் கழித்துத்தான் தட்டு போட வேண்டும், இதை மறந்து ஒரு அங்குலம் கூடிப்போன குசினிகள் நிறைய. உங்கள் மாமியும் சமைப்பார் என்று எழுதியிருந்தீர்கள், அவரையும் நிற்கவைத்து அளவுங்கள்.

குளியலறை வேறு கதை. அங்கே மஞ்சளும் எண்ணெயும் குறைவு, தண்ணியும் சவர்க்காரமும்தான். உங்கள் ஆசையான வெள்ளைக் கல்லை அங்கே போடுங்கள், அது பிழைக்கும். தலைக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தலுக்கும் மருதாணிக்கும் ஒரு சின்னத் தட்டு வைத்துவிட்டால் சரி. வெள்ளை எடுக்கும்போது துருப்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில வெள்ளைக் கல்லில் இரும்புச் சத்துள்ள மணிகள் இருக்கும், ஈரம் படப்பட அதைச் சுற்றி மஞ்சளாகத் துரு இறங்கும். கடைத் துண்டை ஒரு கிழமை தண்ணிக் கோப்பையில் போட்டு வைத்தால் தெரிந்துவிடும். கறுப்பைக் குளியலறையில் நான் சொல்ல மாட்டேன், அதுவும் கிணற்றுத் தண்ணி என்றால். ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் பொட்டாக நிற்கும், அதைப் போக்க வீட்டில் இருக்கும் கழிவறை அசிட்டை ஊற்றுவார்கள். கிரனைட்டைத் தேசிக்காய் அரிக்காது, ஆனால் அந்த அசிட் இரும்பு மணிகளைத் துருவாக்கி, பொலிஷை மங்கவைக்கும். அது நடந்த கல்லை இயந்திரம் கொண்டு திரும்பப் பொலிஷ் பண்ணத்தான் வேண்டும். ஒவ்வொரு இரவும் பைப்பைச் சுற்றி உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், பொட்டுப் படியவே படியாது.

இன்னொன்று, நிலத்துக்கும் அதே மினுக்கிய கல்லைப் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் பட்டால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வுளூச் செய்யும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும்) இடத்துக்குக் கல் கேட்பார்கள். அங்கே நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லைத்தான் கொடுப்பேன், உட்காரும் திண்ணைக்கு மட்டும் மினுக்கின கல்.

குவாட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பளிங்குக்கல் தூளைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்வது. கறை லேசில் ஏறாது, நிறம் ஒரே சீர். ஆனால் பிசின் சூட்டுக்கு நிற்காது. அடுப்பில் இருந்து இறக்கிய தாச்சியை நேராக வைத்தால் மஞ்சளாகக் கருகிய வட்டம் விழும், அது போகாது. எங்கள் சமையலில் அது இன்றைக்கோ நாளைக்கோ நடக்கும். அதோடு அதை உலர்வாக வெட்டும் தூள் வெட்டுகிறவனின் நெஞ்சைத் தின்னும். அவுஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்ததற்கு இதுதான் காரணம், சிலிக்காத் தூளால் வரும் நுரையீரல் நோய். கிரனைட்டிலும் சிலிக்கா இருக்கிறது, அளவு குறைவு. அதனால் உங்கள் வளவில் கல் வெட்டும்போது தண்ணி ஊற்றி ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். ஒரு பொடியனைக் குழாய் பிடிக்க நிறுத்தினால் போதும். வெள்ளைப் புகைக்குள் முகமூடி இல்லாமல் நிற்கும் பொடியன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். கூடக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவர்கள் சொன்னாலும், ஆகட்டும் என்று சொல்லுங்கள்.

டைல்ஸ் போட்ட மேடை மலிவு. ஆனால் இடையில் வரும் கோடுகள் ஒரு வருஷத்தில் கறுக்கும். மீன் வெட்டி, விறகடுப்பில் சமைக்கும் வெளிக்குசினிக்கு டைல்ஸ் தாராளம், அங்கே கிரனைட்டுக்குக் காசு போடாதீர்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. கறைத்தடுப்புத் திரவம் எல்லாக் கல்லுக்கும் வேண்டியதில்லை. கல்லில் ஒரு கரண்டி தண்ணி ஊற்றி 10 நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கீழே நிறம் இருண்டிருந்தால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். நெருக்கமான கறுப்புக் கல்லில் தேய்த்தால் அது உள்ளே போக இடமில்லாமல் மேலே பனி படிந்த மாதிரி நிற்கும். எண்ணெய் ஏறிவிட்டால் அப்பச்சோடாவைத் தண்ணியில் களியாகக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்கள். அது எண்ணெயை இழுக்கும், ஒருதரம் போதாவிட்டால் இரண்டு மூன்று தரம். மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. ஜன்னலைத் திறந்து வெயில் படவிட்டால் மஞ்சள் நிறம் தானாக வெளிறும், நீங்கள் வெயிலில் காயப்போடும் வெள்ளைச் சட்டையில் நடப்பது அதுதான்.

உங்கள் வீட்டுக்கு நான் என்ன போடுவேன் என்று கேட்டால்: குசினிக்கு டான் பிரவுன் அல்லது ஸ்டீல் கிரே, 20 மில்லிமீற்றர், அகலப் பலகையில் இருந்து வெட்டி, சிங்க் ஓட்டை மூலை வளைவாக, மூட்டு அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில். மேல் குளியலறைக்கு உங்கள் வெள்ளை, வெள்ளைப் பசையில் முழுப் படுக்கையாக. கீழ்க் குளியலறையை மாமி பாவிப்பார் என்றால், குசினிக் கல்லில் சிங்குக்கு வெட்டிய துண்டே ஒரு பேஸின் மேடைக்குக் காணும், கடைக்காரரிடம் அந்தத் துண்டையும் சேர்த்து லொறியில் ஏற்றச் சொல்லுங்கள். அதுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.